அர்ஜுன் (டாங்கி)

அர்ஜுன் என்பது இந்தியாவில் வடிவமைக்கப்பட்டு, தமிழ்நாட்டின் ஆவடியில் உருவாக்கப்பட்ட ஒரு முதன்மைப் போர் டாங்கி ஆகும். மகாபாரதத்தின் வில்வீரன் அருச்சுனனின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் ஆவடியில் இயங்கும் போர் ஊர்திகள் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிலையம் இதனை வடிவமைத்தது. உற்பத்தி, அதே ஊரிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையில் நடைபெறுகிறது.

டாங்கி என்பது பொதுவழக்கில் பீரங்கி வண்டி என்றும், இலங்கைத் தமிழ் வழக்கில் தாங்கி என்றும் அழைக்கப்படுகிறது. அர்ஜுனின் முதல் வகை 58.5 டன் எடையும், பின்னர் வந்த மார்க் 1ஏ வகை ஏறத்தாழ 68 டன் எடையும் கொண்டவை. இவை இந்தியத் தரைப்படையின் மிகக் கனமான டாங்கிகள் ஆகும். 1974 ஆம் ஆண்டு அரசின் ஒப்புதலைப் பெற்ற இத்திட்டத்தின் முதல் தொடர் உற்பத்தி டாங்கிகள் 2004 ஆம் ஆண்டிலேயே படையிடம் ஒப்படைக்கப்பட்டன. இந்த முப்பது ஆண்டு இடைவெளி, இந்தியப் பாதுகாப்புத் துறையில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று.

பின்னணி

உலகில் முதன்முதலாக டாங்கிகள் 1916 ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் சொம் சண்டையில் பிரித்தானியப் படையால் பயன்படுத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாங்கிகள் இலகு, நடுத்தரம், கனம் என மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கன வகையில் செருமனியின் டைகர் 1 டாங்கி சுமார் 57 டன் எடை கொண்டது. அதே நாடு சோதனை முயற்சியாக உருவாக்கிய மவுஸ் என்னும் டாங்கி 188 டன் எடையைத் தொட்டது. அதில் இரண்டு முன்மாதிரிகள் மட்டுமே செய்யப்பட்டன. அது போர்ப் பயன்பாட்டிற்கு வரவே இல்லை. பெரும்பாலான பாலங்களால் அதன் எடையைத் தாங்க இயலாது என்பதால் ஆறுகளின் அடியில் இறங்கிக் கடக்கும் வகையில் அதனை வடிவமைக்க வேண்டியிருந்தது.

போருக்குப் பின், ஆற்றல் மிக்க எஞ்சின்களும் மேம்பட்ட பீரங்கிகளும் வந்தன. கன டாங்கியின் தாக்கும் ஆற்றலையும் நடுத்தர டாங்கியின் வேகத்தையும் ஒரே வண்டியில் சேர்க்க முடிந்தது. இதன் விளைவாக 1960களில் நடுத்தர, கன வகைகள் மறைந்து, அவற்றின் இடத்தில் முதன்மைப் போர் டாங்கி என்னும் ஒரே வகை நிலைபெற்றது. அர்ஜுன் இவ்வகையைச் சேர்ந்தது. எனினும், எடையில் அது பழைய கன டாங்கிகளுக்கு நிகரானது.

ஆவடியில் டாங்கி உற்பத்தி

சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஆவடி, 1955 ஆம் ஆண்டின் இந்திய தேசிய காங்கிரசு மாநாட்டினால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர். 1960களின் தொடக்கத்தில் இங்கு கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பிரித்தானிய நிறுவனமான விக்கர்சுடன் 1961 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, விஜயந்தா என்று பெயரிடப்பட்ட டாங்கி இங்கு கட்டப்பட்டது. இத்தொழிற்சாலையின் முதல் விஜயந்தா 1965 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. இது 105 மி.மீ. பீரங்கியைக் கொண்டது. 1980களின் முற்பகுதி வரை இதன் உற்பத்தி தொடர்ந்தது.

விஜயந்தா இந்தியாவில் செய்யப்பட்டதே தவிர, இந்தியாவில் வடிவமைக்கப்பட்டதன்று. உரிமத்தின் கீழ் உற்பத்தி செய்யும்போது வரைபடங்களின்படி பாகங்களைச் செய்து பொருத்தும் திறன் வளர்கிறது. ஆனால் ஒரு கவசத்தகடு ஏன் அந்தத் தடிமனில் அமைந்தது, ஓர் எஞ்சின் ஏன் அந்த அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பன போன்ற வடிவமைப்புக் காரணங்கள் வரைபடத்துடன் வந்து சேர்வதில்லை. புதிய தேவை எழும்போது மீண்டும் வெளிநாட்டையே நாட வேண்டியிருக்கும். உள்நாட்டு டாங்கி ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற முடிவுக்கு இதுவே அடிப்படை.

வரலாறு

தொடக்கம் (1972–1984)

1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் பஞ்சாபிலும் இராசத்தானிலும் டாங்கிச் சண்டைகள் நடந்தன. அவற்றின் படிப்பினைகளைக் கொண்டு, விஜயந்தாவிற்கு மாற்றாகப் புதிய டாங்கி ஒன்றிற்கான தேவைக்கூற்றைத் தரைப்படை 1972 இல் வெளியிட்டது. 1974 மே மாதத்தில் அரசு இத்திட்டத்திற்கு 15.50 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது.

முதற்கட்டத்தில் எண்ணப்பட்ட டாங்கி சுமார் 40 டன் எடையும் 105 மி.மீ. பீரங்கியும் கொண்டதாகும். ஆனால் வடிவமைப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே உலகின் டாங்கித் தொழில்நுட்பம் வேகமாக மாறியது. 125 மி.மீ. பீரங்கி கொண்ட சோவியத் ஒன்றியத்தின் டி-72, 120 மி.மீ. பீரங்கி கொண்ட மேற்குச் செருமனியின் லெப்பர்டு 2, புதுவகைக் கலப்புக் கவசம் கொண்ட ஐக்கிய அமெரிக்காவின் எம்1 ஆப்ராம்சு ஆகியவை 1970களிலும் 1980இலும் அடுத்தடுத்துப் பயன்பாட்டிற்கு வந்தன. இவற்றுக்கு முன் 105 மி.மீ. பீரங்கி போதுமானதன்று எனக் கருதிய தரைப்படை, தன் தேவைக்கூற்றைத் திருத்தியது. பீரங்கியின் அளவு முதலில் 110 மி.மீ. எனவும் பின்னர் 120 மி.மீ. எனவும் உயர்த்தப்பட்டது.

இம்மாற்றம் பீரங்கியோடு நின்றுவிடவில்லை. ஒரு டாங்கியின் பாகங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. பெரிய பீரங்கி சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பும் மிகுதி. அதன் குண்டுகளும் பெரியவை. அவற்றிற்கு அகன்ற சுழல்மேடை வேண்டும். சுழல்மேடை அகன்றால் கவசம் போர்த்த வேண்டிய பரப்பு கூடும். கவசம் கூடினால் எடை கூடும். எடை கூடினால் ஆற்றல் மிகுந்த எஞ்சின் வேண்டும். அந்த எஞ்சினுக்கும் அதன் எரிபொருளுக்கும் குளிர்விப்பானுக்கும் இடம் வேண்டும். அந்த இடத்திற்கும் கவசம் வேண்டும். இவ்வாறு 40 டன் டாங்கியாக எண்ணப்பட்டது, ஏறத்தாழ 60 டன் டாங்கியாக வளர்ந்தது.

இதற்கிடையில், உடனடித் தேவையை நிறைவு செய்யச் சோவியத் ஒன்றியத்திடமிருந்து டி-72 டாங்கிகள் வாங்கப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் ஆவடியிலேயே அவை உரிமத்தின் கீழ் அஜேயா என்ற பெயரில் உற்பத்தி செய்யப்பட்டன. ஒரே ஊரில், ஒரு வளாகத்தில் சோவியத் டாங்கி உற்பத்தியாவதும், மற்றொன்றில் உள்நாட்டு டாங்கி வடிவமைக்கப்படுவதுமான நிலை இவ்வாறு உருவானது.

முன்மாதிரிகள் (1985–1996)

முதல் முன்மாதிரி 1985 ஆம் ஆண்டு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அர்ஜுன் என்ற பெயரும் சூட்டப்பட்டது. தொடர்ந்து 12 முன்மாதிரிகள் கட்டப்பட்டு, பாகங்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. அதன்பின், உற்பத்திக்கு முந்தைய தொடர் என்னும் பெயரில் மேலும் 15 டாங்கிகள் கட்டப்பட்டு, தரைப்படையின் கள ஆய்வுகளுக்கு அனுப்பப்பட்டன.

இக்காலத்தில் அண்டை நாட்டின் திட்டங்களும் கவனிக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவின் எம்1 ஆப்ராம்சு டாங்கியை வாங்குவது பற்றிப் பாகிஸ்தான் ஆராய்ந்து வந்தது. 1988 ஆகஸ்டில் பகவல்பூர் அருகே அதன் செயல்விளக்கமும் நடைபெற்றது. அந்நிகழ்ச்சியிலிருந்து திரும்புகையில்தான் அந்நாட்டு அதிபர் சியா உல் ஹக் வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். பாகிஸ்தான் அந்த டாங்கியை வாங்கவில்லை.

இராசத்தானின் தார் பாலைவனத்தில் நடந்த சோதனைகள் அர்ஜுனுக்குக் கடினமாக அமைந்தன. கோடை வெப்பத்தில், மூடிய டாங்கியினுள் வெப்பநிலை வெளிக்காற்றைவிடப் பல பாகை உயர்ந்துவிடும். இவ்வெப்பத்தில் சுடுதல் கட்டுப்பாட்டு அமைப்பின் மின்னணுக் கருவிகள் பிழையாக இயங்கின. எஞ்சின் மிகையாகச் சூடேறியது. துல்லியம், நம்பகத்தன்மை ஆகியவற்றில் டாங்கி தரைப்படையின் அளவுகோலை எட்டவில்லை. ஒவ்வொரு குறைபாடும் திருத்தப்பட்டு, அடுத்த கோடையில் மீண்டும் சோதிக்கப்பட்டது. பாலைவனக் கோடை ஆண்டுக்கு ஒருமுறையே வருவதால், ஒரு திருத்தம் தவறினாலும் ஓராண்டு கழிந்துவிடும்.

1996 சனவரியில் பிரதமர் பி. வி. நரசிம்ம ராவ் ஆவடியில் அர்ஜுனை நாட்டிற்கு அர்ப்பணித்தார். ஆவடியில் உற்பத்தியைத் தொடங்கவும் அவ்வாண்டு முடிவெடுக்கப்பட்டது. அதுவரையில் மேம்பாட்டிற்கான செலவு 300 கோடி ரூபாயைக் கடந்திருந்தது. இது முதலில் ஒதுக்கப்பட்ட தொகையைப் போல் ஏறத்தாழ இருபது மடங்காகும். தாமதம், செலவு உயர்வு ஆகியவற்றைத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை கண்டித்தது.

உற்பத்தியும் ஒப்பீட்டுச் சோதனையும் (2000–2010)

1990களின் பிற்பகுதியில் பாகிஸ்தான், உக்ரைனிடமிருந்து 320 டி-80யூடி டாங்கிகளைப் பெற்றது. இதற்கு ஈடாக இந்தியா, 2001 பிப்ரவரியில் ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகளை வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 2000 இல், 124 அர்ஜுன் டாங்கிகளுக்கான ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்தது. முதல் ஐந்து டாங்கிகள் 2004 ஆகஸ்டில் ஆவடியில் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட்டன.

2007–2008 இல் நடந்த நம்பகத்தன்மைச் சோதனைகளில், ஒரு டாங்கி தன் வாழ்நாளில் சந்திக்கும் ஓட்டமும் சுடுதலும் சில மாதங்களுக்குள் சுருக்கப்பட்டன. இச்சோதனைகளில் எஞ்சினையும் சங்கிலிப் பட்டையையும் இணைக்கும் ஆற்றல் கடத்தும் அமைப்பு பழுதடைந்தது. 124 டாங்கிகளுக்கு மேல் வாங்கப்போவதில்லை எனத் தரைப்படை 2008 இல் தெரிவித்தது. எனினும் குறைகள் திருத்தப்பட்டு, 2009 மே மாதத்தில் 43 ஆம் கவசப் படையணி முழுமையாக அர்ஜுன் டாங்கிகளைப் பெற்ற முதல் படையணி ஆனது.

2010 மார்ச்சில், அர்ஜுனும் டி-90 டாங்கியும் இராசத்தானில் ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. ஓட்டம், சுடுதிறன், நீர்நிலை கடத்தல் முதலியவை இதில் ஆராயப்பட்டன. முழு முடிவுகள் பொதுவில் வெளியிடப்படவில்லை. எனினும், அர்ஜுன் மிகச் சிறப்பாகச் செயல்பட்டதாகச் செய்தி இதழ்கள் எழுதின. அடுத்த இரு மாதங்களுக்குள், 2010 மே மாதத்தில், மேலும் 124 அர்ஜுன் டாங்கிகளுக்கான முடிவு அறிவிக்கப்பட்டது.

வடிவமைப்பு

ஒரு டாங்கியின் வடிவமைப்பு மூன்று கூறுகளைச் சமன் செய்வதில் அடங்கியுள்ளது. அவை தாக்கும் ஆற்றல், காப்பு, நகர்திறன் என்பனவாகும். இவற்றில் ஒன்றைக் கூட்டினால் பிறிதொன்று பாதிக்கப்படும்.

பீரங்கி

அர்ஜுனின் 120 மி.மீ. பீரங்கியைப் புனேயிலுள்ள படைக்கலன் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிலையம் வடிவமைத்தது. இதன் குழலின் உட்புறத்தில் திருகாணியின் மரை போன்ற வரிப்பள்ளங்கள் உள்ளன. இவ்வகைக் குழல் குண்டைச் சுழலச் செய்து வெளியேற்றுகிறது. உலகின் பெரும்பாலான புதிய டாங்கிகள் வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழலுக்கு மாறிவிட்ட நிலையில், இந்தியாவும் பிரித்தானியாவும் வரிப்பள்ளக் குழலைத் தேர்ந்தெடுத்தன.

இதற்குக் காரணம் குண்டின் வகையாகும். டாங்கிகளை எதிர்க்கப் பயன்படும் துளைகுண்டு, ஈட்டி போன்ற மெல்லிய நீண்ட உலோகத் தண்டு. அது வாற்சிறகுகளால் நிலைப்படுத்தப்படுவதால் சுழற்சி அதற்குத் தேவையில்லை. மாறாக, நசுங்கி வெடிக்கும் குண்டு எனப்படும் மற்றொரு வகை, இலக்கின் மீது களிமண் உருண்டைபோல் அப்பிக்கொண்டு பின் வெடிப்பது. கட்டிடங்கள், பதுங்குகுழிகள் ஆகியவற்றுக்கு எதிராக இது பெரிதும் பயன்படும். இக்குண்டு துல்லியமாகச் செல்லச் சுழற்சி தேவை. இரு குண்டுகளையும் ஒரே குழலில் சுட வேண்டியிருந்ததால், துளைகுண்டைச் சுற்றி வழுக்கும் வளையம் ஒன்று பொருத்தப்படுகிறது. வரிப்பள்ளங்கள் வளையத்தைச் சுழற்றும். தண்டு பெரும்பாலும் சுழலாமல் செல்லும்.

அர்ஜுனில் 39 குண்டுகள் வைக்கப்படுகின்றன. குண்டைக் கையால் ஏற்றுவதற்கென ஒரு வீரர் உள்ளார். ஆணையாளர், சுடுநர், ஓட்டுநர், குண்டு ஏற்றுபவர் என மொத்தம் நால்வர் உள்ளே பணிபுரிகின்றனர்.

டி-72, டி-90 ஆகியவற்றில் குண்டை ஏற்றும் பணியை இயந்திரம் செய்வதால் மூவரே போதும். இந்த ஓர் ஆள் வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால், நின்றபடி குண்டைத் தூக்கித் திரும்ப ஓர் ஆளுக்குத் தேவையான இடம் முழுவதற்கும் கவசம் போர்த்த வேண்டியுள்ளது. டி-72 சுமார் 41 டன் எடையிலும் டி-90 சுமார் 46.5 டன் எடையிலும் அமைந்ததற்கு இது ஒரு முதன்மைக் காரணம். அதேவேளை, அவ்வகை டாங்கிகளில் குண்டுகள் வீரர்களின் காலடியிலேயே வட்டமாக அடுக்கப்பட்டிருப்பதால், கவசம் துளைக்கப்பட்டால் ஏற்படும் ஆபத்து மிகுதி.

கவசம்

அர்ஜுனின் முன்புறத்தைக் காக்கும் கலப்புக் கவசம் காஞ்சன் எனப்படுகிறது. ஐதராபாத்தின் காஞ்சன்பாக் பகுதியிலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சி ஆய்வகம் இதனை உருவாக்கியதால் இப்பெயர் அமைந்தது. இதன் சரியான கட்டமைப்பு இரகசியமாக உள்ளது. பொதுவாகக் கலப்புக் கவசங்களில் எஃகுத் தகடுகளுக்கு இடையே பீங்கான் போன்ற மிகக் கடினமான பொருள்கள் அடுக்கப்படுகின்றன. கடினமான அடுக்கு குண்டின் முனையைச் சிதைக்கும். நெகிழ்வான எஃகு எஞ்சிய ஆற்றலை உள்வாங்கும். ஒரே எடையில், தனி எஃகைவிட இது கூடுதல் காப்பு அளிக்கிறது.

எஞ்சின்

1,500 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு எஞ்சின் ஒன்றை உருவாக்குவது தொடக்கத் திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. டாங்கிக்கான எஞ்சினை உருவாக்குவது எளிதன்று. கப்பலிலோ மின்நிலையத்திலோ இதே ஆற்றலுள்ள டீசல் எஞ்சினுக்கு ஓர் அறை முழுவதும் கிடைக்கும். டாங்கியில் அது சில கன மீட்டர் இடத்தில், தூசியும் வெப்பமும் நிறைந்த காற்றை உள்ளிழுத்து, கணத்துக்குக் கணம் மாறும் சுமையில் இயங்க வேண்டும். உள்நாட்டு எஞ்சின் எதிர்பார்த்த ஆற்றலை எட்டவில்லை.

எனவே செருமனியின் எம்டியு நிறுவனத்தின் 10 உருளைகள் கொண்ட எம்பி 838 கேஏ-501 டீசல் எஞ்சின் இறக்குமதி செய்யப்பட்டது. இது 1,400 குதிரைத்திறன் அளிக்கிறது. லெப்பர்டு 1 டாங்கியில் 830 குதிரைத்திறன் அளித்த எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்ததே இதுவும். மிகையழுத்தக் காற்றூட்டல் முதலிய மாற்றங்களால் இதன் ஆற்றல் உயர்த்தப்பட்டது. ஆற்றல் கடத்தும் அமைப்பும் செருமனியின் ரெங்க் நிறுவனத்துடையது.

எஞ்சினும் ஆற்றல் கடத்தியும் முன்மாதிரிகளுக்கான தற்காலிக ஏற்பாடாகவே கருதப்பட்டன. எனினும் உற்பத்தி டாங்கிகளிலும் அவையே நிலைத்தன. டாங்கியின் முழு வடிவமும் அவற்றின் அளவைச் சுற்றி அமைந்துவிட்டதால், பின்னர் வேறு எஞ்சினுக்கு மாறுவது கடினமாயிற்று.

அதிர்வுதாங்கி அமைப்பு

நகர்திறனில் அர்ஜுன் பெரிதும் பாராட்டப்பட்டதற்கு அதன் நீர்ம-வாயு அதிர்வுதாங்கி அமைப்பே காரணம். பெரும்பாலான டாங்கிகளில் சக்கரங்களின் அதிர்ச்சியை முறுக்குத் தண்டுகள் தாங்குகின்றன. அர்ஜுனில், பக்கத்திற்கு ஏழாக உள்ள சக்கரங்கள் ஒவ்வொன்றுக்கும் எண்ணெயும் அழுத்தப்பட்ட நைதரசன் வாயுவும் அடங்கிய தனி உருளை உள்ளது. சக்கரம் மேலெழும்போது எண்ணெய், வாயுவை அழுத்தும். வாயு எவ்வளவு அழுத்தப்படுகிறதோ அவ்வளவு கடினமாக எதிர்க்கும். எனவே சிறு மேடுகளில் மென்மையாகவும் பெரும் பள்ளங்களில் உறுதியாகவும் அது இயங்குகிறது. முறுக்குத் தண்டுகள் இல்லாததால் டாங்கியின் அடித்தளத்தில் இடமும் மிச்சமாகிறது. ஓடும்போது குலுக்கல் குறைவதால், நகர்ந்துகொண்டே சுடும்போது குறி தவறுவதும் குறைகிறது.

எடையும் போக்குவரத்தும்

கனமான டாங்கி மணலில் புதைந்துவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் புதைவதைத் தீர்மானிப்பது மொத்த எடையன்று. தரையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் விழும் அழுத்தமே. அர்ஜுனின் அகன்ற சங்கிலிப் பட்டைகள் 58.5 டன் எடையை ஏறத்தாழ 7 சதுர மீட்டர் பரப்பில் பகிர்ந்தளிக்கின்றன. எனவே தரையழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.84 கிலோகிராம் மட்டுமே. இதனால் மணற்பாங்கான பாலைவனத்தில் இது எளிதாக ஓடுகிறது.

எடையின் உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பஞ்சாபில் கால்வாய்களும் சிறு பாலங்களும் மிகுதி. பாலத்தைப் பொறுத்தவரை டாங்கியின் மொத்த எடையே கணக்கு. தரையழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் பயனில்லை. மேலும், அர்ஜுனின் அகலம் 3.86 மீட்டர். இந்திய அகலப்பாதை தொடர்வண்டிப் பெட்டிகளின் அகலம் சுமார் 3.25 மீட்டர். ஆகவே அர்ஜுனை ஏற்றிச்செல்ல இந்திய இரயில்வே தனிவகைத் தட்டைப் பெட்டிகளை உருவாக்க வேண்டியிருந்தது. ஒரு டாங்கியை எங்கு நிறுத்தலாம் என்பதை அதன் போர்த்திறன் மட்டுமன்றி, அவ்விடத்திற்குச் செல்லும் வழியும் தீர்மானிக்கிறது என்பதற்கு அர்ஜுன் ஓர் எடுத்துக்காட்டு. இந்த டாங்கிகள் முதன்மையாக இராசத்தான் பகுதிக்கென ஒதுக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

விவரக்கூற்றுகள் (முதல் வகை)

எடை: 58.5 டன்
நீளம் (பீரங்கியுடன்): 10.64 மீட்டர்
அகலம்: 3.86 மீட்டர்
உயரம்: 2.32 மீட்டர்
குழுவினர்: 4 பேர்
முதன்மை ஆயுதம்: 120 மி.மீ. வரிப்பள்ளப் பீரங்கி
துணை ஆயுதங்கள்: 7.62 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி, 12.7 மி.மீ. வான் எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கி
எஞ்சின்: 1,400 குதிரைத்திறன் டீசல்
ஆற்றல்-எடை விகிதம்: டன்னுக்குச் சுமார் 24 குதிரைத்திறன்
உயர் வேகம்: சாலையில் மணிக்கு 70 கி.மீ.; சாலையற்ற தரையில் மணிக்கு 40 கி.மீ.

அர்ஜுன் மார்க் 1ஏ

முதல் வகையில் கண்ட அனுபவங்களைக் கொண்டு 70க்கும் மேற்பட்ட மாற்றங்களுடன் புதிய வகை ஒன்று உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் மார்க் 2 எனப்பட்ட இது, பின்னர் மார்க் 1ஏ எனப் பெயர் மாற்றப்பட்டது. குண்டு பட்டதும் வெளிநோக்கி வெடித்து அதன் ஆற்றலைக் கெடுக்கும் எதிர்வினைக் கவசம், ஆணையாளர் இரவிலும் சுற்றுமுற்றும் பார்க்க உதவும் வெப்பப் படமாக்கி, உள்ளிருந்தே இயக்கக்கூடிய வான் எதிர்ப்புத் துப்பாக்கி, இலக்கைத் தானே பின்தொடரும் அமைப்பு, கண்ணிவெடிகளை அகற்றும் கலப்பை ஆகியவை குறிப்பிடத்தக்க சேர்க்கைகள்.

இச்சேர்க்கைகளால் எடை ஏறத்தாழ 10 டன் உயர்ந்து 68 டன்னைக் கடந்தது. எஞ்சின் அதே 1,400 குதிரைத்திறன் கொண்டதாகவே இருப்பதால், ஆற்றல்-எடை விகிதம் டன்னுக்கு 24 இலிருந்து சுமார் 20 குதிரைத்திறனாகக் குறைந்தது.

பீரங்கிக் குழலின் வழியே ஏவுகணை செலுத்தும் வசதியும் தரைப்படையால் கோரப்பட்டது. இசுரேலின் லாகாட் ஏவுகணை இதற்கெனச் சோதிக்கப்பட்டது; எனினும், அண்மையிலுள்ள இலக்குகளைத் தாக்குவதில் அது தரைப்படையின் தேவையை நிறைவு செய்யவில்லை. பின்னர் உள்நாட்டில் உருவாக்கப்பட்ட லேசர் வழிகாட்டல் ஏவுகணை ஒன்று, 2020 செப்டம்பரில் அகமதுநகரில் அர்ஜுன் டாங்கியிலிருந்து ஏவப்பட்டு 3 கி.மீ. தொலைவிலிருந்த இலக்கைத் தாக்கியது.

2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த விழாவில், பிரதமர் நரேந்திர மோதி மார்க் 1ஏ டாங்கியைத் தரைப்படைத் தலைமைத் தளபதி எம். எம். நரவணேயிடம் ஒப்படைத்தார். 2021 செப்டம்பரில் 7,523 கோடி ரூபாய் மதிப்பில் 118 டாங்கிகளுக்கான ஆணை கனரக ஊர்தித் தொழிற்சாலைக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்டபோது, இத்தொழிற்சாலை ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்திகள் நிகாம் என்னும் அரசு நிறுவனத்தின் அங்கமாயிற்று.

வழிவந்த ஊர்திகள்

அர்ஜுனின் உடற்பகுதியையும் சுழல்மேடையையும் அடிப்படையாகக் கொண்டு வேறு சில ஊர்திகளும் உருவாக்கப்பட்டன.

டாங்கி-எக்ஸ்: டி-72 டாங்கியின் உடற்பகுதி மீது அர்ஜுனின் சுழல்மேடையைப் பொருத்திய சோதனை டாங்கி. சுமார் 47 டன் எடை கொண்டது. எடையைக் குறைத்து, 120 மி.மீ. பீரங்கியைத் தக்கவைப்பது இதன் நோக்கம். தரைப்படை இதனை ஏற்கவில்லை.

பீம்: தென்னாப்பிரிக்காவின் 155 மி.மீ. பீரங்கிச் சுழல்மேடையை அர்ஜுன் உடற்பகுதியில் பொருத்திய தானியங்கு பீரங்கி. தென்னாப்பிரிக்க நிறுவனத்துடனான தொடர்புகளை இந்திய அரசு 2005 இல் முறித்ததால் திட்டம் நின்றது.

அர்ஜுன் கேட்டபல்ட்: பழைய 130 மி.மீ. பீரங்கியை அர்ஜுன் உடற்பகுதியில் ஏற்றிய ஊர்தி.

இவை தவிர, பாலம் விரிக்கும் ஊர்தியும், பழுதடைந்த டாங்கிகளை இழுத்து மீட்கும் ஊர்தியும் உருவாக்கப்பட்டன.

விமர்சனங்களும் மதிப்பீடும்

அர்ஜுன் மீதான விமர்சனங்களில் முதன்மையானது காலதாமதம் ஆகும். டாங்கியின் தேவைக்கூற்று வெளியானபோது பிறந்த குழந்தை, முதல் உற்பத்தி டாங்கி வெளிவந்தபோது முப்பது வயதைக் கடந்திருக்கும். இத்தாமதத்திற்கு வடிவமைப்பாளர்களின் அனுபவமின்மை, தரைப்படை தன் தேவைகளைப் பலமுறை மாற்றியது என இரு தரப்புக் காரணங்களும் கூறப்படுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. வடிவமைப்பு தாமதமானதால் உலகத் தொழில்நுட்பம் முன்னேறியது. அம்முன்னேற்றத்தைக் கண்டு தேவைகள் உயர்த்தப்பட்டன. உயர்ந்த தேவைகளால் வடிவமைப்பு மேலும் தாமதமானது.

இரண்டாவது விமர்சனம் இறக்குமதிச் சார்பு. எஞ்சின், ஆற்றல் கடத்தி, குறிபார்க்கும் கருவிகள் முதலியவை வெளிநாட்டிலிருந்து வந்ததால், முதல் வகையின் மதிப்பில் பாதிக்கும் மேற்பட்டது இறக்குமதியாக இருந்தது. வெறும் 124 டாங்கிகளுக்காக இப்பாகங்களை உள்நாட்டில் செய்யத் தனித் தொழிற்சாலை அமைப்பது இலாபகரமன்று. ஆணை குறைவாக இருப்பதால் உள்நாட்டு உற்பத்தி வளரவில்லை. உள்நாட்டு உற்பத்தி வளராததால் விலை குறையவில்லை. விலை குறையாததால் ஆணையும் பெருகவில்லை. 2015 ஆம் ஆண்டளவில் இறக்குமதி உதிரிப்பாகங்கள் கிடைக்காமல் அர்ஜுன் டாங்கிகளில் பெரும்பகுதி இயங்காமல் நின்றதாகச் செய்திகள் வெளியாயின. மார்க் 1ஏ உற்பத்தியும் செருமன் எஞ்சின் கிடைப்பதிலுள்ள தாமதத்தால் பாதிக்கப்பட்டது.

மறுபுறம், இத்திட்டத்தின் பயன்களும் சுட்டப்படுகின்றன. காஞ்சன் கவசம், 120 மி.மீ. பீரங்கியும் அதன் குண்டுகளும், நீர்ம-வாயு அதிர்வுதாங்கி ஆகியவை நாட்டிற்குள்ளேயே உருவாக்கப்பட்டவை. ஆவடி நிலையத்தின் இயக்குநராக இருந்து இத்திட்டத்தை வழிநடத்திய எம். நடராஜன், 2004 இல் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் தலைவரானார்.

அர்ஜுனுக்குப் பின்

தொடக்கத் திட்டத்தில் நிறைவேறாத 1,500 குதிரைத்திறன் எஞ்சின், அரை நூற்றாண்டு கழித்து உருப்பெற்றது. ஆவடி நிலையத்தின் வடிவமைப்பில் உருவான இந்த எஞ்சின், 2024 மார்ச் 20 அன்று மைசூரிலுள்ள பெமல் தொழிற்சாலையில் முதன்முறையாக இயக்கிச் சோதிக்கப்பட்டது. சோதனைக் கூடத்தில் இயங்கிய எஞ்சின், டாங்கியினுள் பொருத்தப்பட்டுப் பாலைவனத்தில் நெடுந்தொலைவு ஓடிய பின்னரே பயன்பாட்டிற்குத் தகுதி பெறும்.

2020 இல் லடாக் எல்லையில் சீனாவுடன் ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு, மலைப்பகுதிகளுக்கு ஏற்ற இலகு டாங்கியின் தேவை உணரப்பட்டது. ஆவடி நிலையம், லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய 25 டன் எடையுள்ள சொராவர் டாங்கியின் முன்மாதிரி 2024 சூலையில் குசராத்தின் ஹசிராவில் வெளியிடப்பட்டது. அர்ஜுனின் எடையில் இது பாதிக்கும் குறைவு. அர்ஜுனின் முன்மாதிரி வெளிவரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆன நிலையில், சொராவரின் முன்மாதிரி சில ஆண்டுகளுக்குள்ளாகவே வெளிவந்தது. ஆயினும் இதன் எஞ்சினும் வெளிநாட்டிலிருந்து பெறப்பட்டதே.

இவற்றையும் பார்க்க

ஆவடி
விஜயந்தா டாங்கி
டி-72
டி-90
பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம்